பின்கதவு பூட்டியிருந்தது

14 ஜூலை 2025, திங்கள்

காலையில் இட்லி சாப்பிடும்போது வம்சி அண்ணன் என்னைத் திட்டினார். திட்டுவது என்னைத்தான் என்று அவருக்குத் தெரியாது.

"எவனோ கழிவுப்பஞ்சாமா! பேரைப் பாரு பேரை. வேலைவெட்டி இல்லாத யூனியன்காரன் எவனாச்சும் இருப்பான்." கைப்பேசியைப் பெரியப்பா பக்கம் நீட்டினார். "பொன்விழா வருதுங்கப்பா. நம்ம மில் பேரைத் தட்டினா மொதல்ல இந்தக் கலைக்களஞ்சியப் பக்கந்தான் வருது. அதுல மூணாவது பத்தியில 'பின்கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தது'ன்னு எழுதி வெச்சுருக்கான்."

பெரியப்பா தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "பழசையெல்லாம் எதுக்குக் கெளறோணும். எடுத்துப்போடச் சொல்லு."

"நம்ம அக்ஷிதா லைப்ரரியில தானே இருக்கா. ஏனம்மணி, இதையெல்லாம் எப்புடி அழிக்கறதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்ண்ணா" என்றேன். அவருக்கு இன்னும் கொஞ்சம் சட்னி வைத்தேன்.

15 ஜூலை

ஆறு வருடமாக நான்தான் கழிவுப்பஞ்சு. எந்திரத்துக்கு அடியில் பறந்து சேரும் தூசுப் பஞ்சுக்கு மில்லில் அந்தப் பெயர். பெருக்கி மூட்டை கட்டித் தனியே போடுவார்கள். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்ற அந்த இணையக் கலைக்களஞ்சியத்தில் கணக்குத் தொடங்கிய அன்று வேறு பெயர் தோன்றவில்லை.

தொண்டாமுத்தூர்ப் பக்கத்துக் குளங்கள், வால்பாறைப் பெரணிகள், நடுகற்கள் என்று எழுதியவை நானூறுக்கு மேல். வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் யார் என்று அங்கேயும் யாருக்கும் தெரியாது. 'சோளக்கொல்லை' என்ற பெயரில் எழுதும் ஒருவர் என் காற்புள்ளிகளைத் திருத்துவார், நான் அவருடைய ஆண்டுகளைத் திருத்துவேன். ஆணா பெண்ணா, எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. ஆனாலும் இந்த ஐந்து வருடத்தில் நான் தினமும் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

19 ஜூலை, சனி

பத்தி போய்விட்டது. அந்த இடத்தில் "கொங்கு மண்டலத்தின் முன்னோடி", "தொழிலாளர் நலனில் தனி முத்திரை". புதுக் கணக்கு ஒன்றின் வேலை. பழையபடி திருப்பினேன். காரணம் என்ற பெட்டியில் "மேற்கோளுள்ள செய்தி நீக்கம், விளம்பர நடை" என்று எழுதினேன்.

அரை மணி நேரத்தில் இன்னொரு கணக்கு. மீண்டும் திருப்பினேன். சாயங்காலத்துக்குள் மூன்றாவதும் வந்துவிட்டது.

கூடத்தில் வம்சி அண்ணன் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். "மறுபடியும் போட்டுட்டான் பாருங்க, நாய்." எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சுவர்.

22 ஜூலை

அங்கே கட்டுரைக்கொன்று, ஆளுக்கொன்று என்று பேச்சுப் பக்கம் உண்டு. என்னுடையதில் சோளக்கொல்லை: "இந்த ஆலைப் பக்கத்தில் உங்களுக்கு அலாதிப் பிடிவாதம். ஏதாவது தொடர்பு உண்டா?" கடைசியில் ஒரு சிரிப்பு முகம்.

"இல்லை" என்று எழுதினேன்.

ஏன் அப்படி எழுதினேன்? தொடர்புடையவர் தன் தொடர்பை முதலில் சொல்லிவிட வேண்டும், பக்கத்தில் கை வைக்காமல் பேச்சுப் பக்கத்தில்தான் கேட்க வேண்டும். புதியவர்களுக்கு இந்த விதியை நானே எத்தனை முறை எழுதிக் காட்டியிருப்பேன்.

27 ஜூலை, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது.

2009, ஆவணி முகூர்த்தம். பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். எனக்குப் பத்து வயது. அப்பா மில்லில் மேலாளர். பஞ்சு களவு போகிறது என்று அந்த மாதம்தான் குடோனின் பின்கதவை வெளியே பூட்டிவைக்கத் தொடங்கியிருந்தார்கள். சாவி அப்பாவின் சட்டைப் பையில். பந்தியில் எனக்கு இரண்டாவது ஜிலேபி வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவருக்குப் போன் வந்தது.

குடோனில் தீ. உள்ளே மூன்று பேர்.

அப்பா அதற்குப் பிறகு நான்கு வருடம்தான் இருந்தார். வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. அம்மாவும் நானும் பெரியப்பா வீட்டோடு வந்துவிட்டோம். நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், பழைய செய்தித்தாள் கட்டுகளை அடுக்கும்போது அந்த நாள் கையில் வந்தது. உள்பக்கத்தில் பதினோரு வரி. இறந்தவர்களின் பெயர் இல்லை. கதவைப் பற்றிய வரி இருந்தது. அதை அப்படியே எடுத்து மேற்கோளோடு பக்கத்தில் சேர்த்தேன்.

நடுநிலையோடுதான் எழுதினேன் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். வம்சி அண்ணனுக்கு அது அவர் மில். எனக்கு? அது என் அப்பா. அவர் அழிக்கிறார், நான் எழுதுகிறேன். விதிக்கு இரண்டும் ஒன்றுதானே—

3 ஆகஸ்ட், ஆடிப் பெருக்கு

புதுக் கணக்குகள் மூன்றும் ஒரே ஆளுடையவை, சோதியுங்கள் என்று நிர்வாகிகளிடம் முறையிட்டேன். எந்த இணைய இணைப்பிலிருந்து வருகிறார்கள் என்று அவர்களால் பார்க்க முடியும்.

அம்மா எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும் கட்டினாள். எல்லோரும் பேரூர்ப் படித்துறைக்குப் போனோம். எனக்கு மனசு ரொம்ப லேசாக இருந்தது.

6 ஆகஸ்ட், புதன்

முட்டாள். முட்டாள். எப்படித் தோணாம போச்சு எனக்கு?

எங்கள் வீட்டுக்கு இணைப்பு ஒன்றுதான்.

நிர்வாகிகளின் முடிவு: "மூன்று கணக்குகளும் கழிவுப்பஞ்சும் ஒரே இணைப்பு. தொடர்பு உறுதி. நான்கும் தடை செய்யப்படுகின்றன." கீழே சோளக்கொல்லை: "தானே அழித்து, தானே திருப்பி, நடுவில் எங்களையும் காவலுக்கு நிற்க வைத்திருக்கிறார். தொடர்பு உண்டா என்று நேராகவே கேட்டேன். ஐந்து வருடம் நம்பியிருந்தேன்."

அவர் கோபப்பட்டு எழுதி நான் பார்த்ததே இல்லை. ஒரு காற்புள்ளிகூடத் தப்பவில்லை.

7 ஆகஸ்ட்

நூலகத்தில் உடன் வேலை செய்யும் சித்திகா கேட்டாள். "ஏனுங்க அக்ஷிதா, மொகம் ஏன் இப்படி இருக்கு? ஊட்ல மாப்பிள்ளை ஏதும் பாத்துப்போட்டாங்களா?"

"இல்லைங்க. தலைவலி."

அவளிடம் எங்கிருந்து ஆரம்பிப்பேன்? முகம் தெரியாத ஒருவர் என்னை இனி நம்ப மாட்டார் என்றா?

8 ஆகஸ்ட்

இன்று தடையில்லாத பக்கம் எனக்கு ஒன்றுதான், என் பேச்சுப் பக்கம். வம்சி அண்ணன் சேர்த்த "முன்னோடி" அப்படியே நிற்கிறது. திருப்ப ஆளில்லை. ஏற்கெனவே கேள்வி எழுந்துவிட்டது: பொய்க்கணக்குக்காரர் எழுதிய பத்தி, எதற்குத் திரும்பச் சேர்க்க வேண்டும்?

நான் சும்மா இருந்தால் கதவைப் பற்றிய வரி போனது போனதுதான். வாயைத் திறந்தால் இந்த வீடு.

11 ஆகஸ்ட், திங்கள்

எழுதிவிட்டேன். என் சொந்தப் பெயரில்.

"என் பெயர் அக்ஷிதா. இந்த ஆலை என் பெரியப்பாவுடையது. அழித்தவர் நானில்லை, ஒரே வீட்டில் இருக்கிறோம். விபத்து நடந்தபோது மேலாளர் என் அப்பா. கதவின் சாவி அவரிடம் இருந்தது. தொடர்பில்லை என்று நான் சொன்னது பொய். என்னை நம்ப வேண்டாம். நான் கொடுத்த மேற்கோளை மட்டும் யாராவது போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். செய்தித்தாளின் தேதியும் பக்கமும் கீழே."

பொத்தானை அழுத்திவிட்டு நூலகக் குழாயில் முகம் கழுவினேன்.

14 ஆகஸ்ட்

தடை நீக்கம். ஆலைப் பக்கத்தில் மட்டும் இனி நான் எதையும் தொடக்கூடாது. அது சரிதான்.

சோளக்கொல்லை மதுரையில் ஒரு நூலகத்துக்கு நேரில் போய் அந்தச் செய்தித்தாளைப் பார்த்திருக்கிறார். "சரிபார்த்தேன். உள்ளது" என்று எழுதி, விளம்பர வரிகளை நீக்கிவிட்டு, பத்தியை அவர் கையாலேயே திரும்பச் சேர்த்திருக்கிறார். மதுரைக்காரர் போல. எனக்கென்று தனியாக ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

16 ஆகஸ்ட், சனி

வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருக்குமா, வம்சி அண்ணன் அந்தப் பக்கத்தை மணிக்கொரு தடவை பார்க்கிறவர்.

"கூடவே உக்காந்து சட்னி ஊத்தினியே அம்மணி! நான் உன்னையத் திட்டத் திட்டக் கேட்டுட்டே இருந்தியே!" கோபத்தைவிட வெட்கம்தான் அவருக்கு அதிகம் என்று தோன்றியது.

அம்மா அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். "உங்கப்பன் பேரை ஏன் கண்ணு சந்திக்கு இழுத்தே? செத்த மனுசன் வந்து பதில் சொல்லுவாரா?"

"அவர் சொல்லாததனாலதாம்மா."

பளாரென்று விழும் என்று நினைத்தேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அந்தச் சாவி இன்னும் பீரோவுலதான் கெடக்குது."

பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டு மில்லுக்குக் கிளம்பிவிட்டார்.

2 செப்டம்பர்

பதினேழு நாள். பெரியப்பா சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நான் சாப்பிடப் போகிறேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. தானாகவே அப்படி ஆகிவிட்டது.

14 செப்டம்பர்

மதுரையின் தெப்பக்குளம் பற்றி எழுதினேன். யாரும் காற்புள்ளி திருத்தவில்லை.

1 அக்டோபர், புதன், ஆயுத பூஜை

மில்லுக்குப் போக வேண்டாம் என்றிருந்தேன். அம்மாதான் "பொறப்படு" என்றாள்.

எந்திரங்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. பொரிகடலைப் பொட்டலம் வாங்க வரிசை. வருடா வருடம் பூஜை முடிந்ததும் பெரியப்பா தனியாகக் குடோன் பக்கம் போய்ப் பூசணிக்காய் உடைத்துவிட்டு வருவார். திருஷ்டிக்கு என்றுதான் நினைத்திருந்தேன். இன்று முதல் முறையாகத் தள்ளி நின்று பார்த்தேன். ஒரு காய் இல்லை, மூன்று. பின்கதவுப் பக்கம். கதவு இருந்த இடத்தில் இப்போது வெறும் நிலைதான், கதவு கிடையாது.

திரும்பும்போது என்னைப் பார்த்துவிட்டார். நான் நகரவில்லை.

"மூணு பேருன்னு எழுதியிருக்கறே" என்றார். "பேரு எழுதலியே."

"தெரியாதுங்க பெரியப்பா. பேப்பர்ல இல்லைங்க."

"நான் சொன்னா எழுதிப்போடுவியா?"

"நான் எழுதக் கூடாதுங்க. நீங்க சொன்னாலும் ஏத்துக்க மாட்டாங்க. அச்சுல வந்திருக்கோணும்."

"எங்க மில்லு. நான் சொன்னா ஏத்துக்க மாட்டாங்களா?"

"உங்க மில்லுங்கறதாலதாங்க."

அவர் கையிலிருந்த தேங்காய் மூடியைப் பார்த்தார். பிறகு பொரி கொடுக்கும் பக்கமாக நடந்துபோய்விட்டார்.

9 நவம்பர், ஞாயிறு

நேற்று பொன்விழா. நான் போகவில்லை.

இன்று காலை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விழா மலர். ஒரு தாளின் முனை மட்டும் மடிக்கப்பட்டிருந்தது. பக்கம் 41. முன்னால் நாற்பது பக்கம் வாழ்த்தும் முன்னோடியும்தான். அந்தப் பக்கத்தில் மட்டும் படம் இல்லை. "2009 ஆகஸ்டில் நம் குடோனில் நாம் இழந்தவர்கள்" என்று ஒரு வரி. தீ என்ற சொல் இல்லை. கதவு இல்லை. அதன் கீழே:

ஆறுச்சாமி, கருமத்தம்பட்டி.
மயிலாத்தாள், தொண்டாமுத்தூர்.
ரசாக், கோவை.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "உங்க பெரியப்பாதான் அச்சாபீசுல கடைசி நேரத்துல சேக்கச் சொன்னாராமா. வம்சி சண்டை போட்டிருக்கறான்."

ஆலைப் பக்கத்தின் பேச்சுப் பக்கத்தில் ஒரு கோரிக்கை வைத்தேன். "தொடர்புடையவர்: அக்ஷிதா. இறந்தவர்களின் பெயர்கள், ஆலையின் விழா மலர் பக்கம் 41. சேர்க்கலாமா என்று தொடர்பில்லாத யாராவது பார்க்கவும்." பக்கத்தைப் படமெடுத்து இணைத்தேன்.

12 நவம்பர்

மூன்று நாளாக யாரும் பார்க்கவில்லை.

13 நவம்பர், வியாழன்

மதியம் நூலகத்தில் என் கணக்குக்குள் நுழையாமல், வழிப்போக்கர் யாரோ போல அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கதவைப் பற்றிய வரி இருக்கிறது. அடுத்த வரியில் மூன்று பெயர்கள், ஊரோடு.

சேர்த்தவர் சோளக்கொல்லை. காரணப் பெட்டியில் "கோரிக்கையின்படி" என்ற ஒரே சொல்.

என் கோரிக்கையையும் ஒரு முறை போய்ப் பார்த்தேன். "விழா மலர் பக்கம் 41" என்று அவசரத்தில் எழுதியிருந்த வரியின் நடுவே, நான் விட்டுவிட்ட இடத்தில், ஒரு காற்புள்ளி சேர்ந்திருந்தது.