மதிலை ஒட்டிய மனை

செங்கல்பட்டு,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ரூத்துக்கு,

கர்த்தருடைய தயவால் நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம். இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன் இல்லையா, இந்தக் கடிதம் யாரையும் எழுதச் சொன்னது இல்லை, முழுவதும் என் கை, எழுத மூன்று நாள் ஆனது, எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

நீ பார்க்கச் சொன்ன புதுப்பட்டினம் மனைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன், உப்பு இல்லை. மழையில் தேங்குமா என்று டீக்கடையில் விசாரித்தேன், தேங்காதாம். பள்ளிக்கூடமும் பஸ்ஸும் பக்கம். வில்லங்கம் ஏதும் இல்லை என்று சான்றிதழில் இருந்ததை எழுத்துக் கூட்டி நானே படித்தேன், புரோக்கர் ராஜாராம் கைதட்டினார். பின்னால் கல்லறைத் தோட்டத்து மதில், எவனும் மாடி கட்டிக் காற்றை மறைக்க மாட்டான் என்றும் சொன்னார்.

அந்த மதிலைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. உனக்கு முன் ஒரு ஆண் பிள்ளை பிறந்து ஏழாம் நாள் போனது உனக்குத் தெரியும், இடம் தெரியாது. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளையை அந்தக் காலத்தில் உள்ளே வைக்க விடமாட்டார்கள், மதிலுக்கு வெளியேதான் புதைப்பார்கள். நானும் என் அண்ணனும்தான் எடுத்துப் போனோம். உன் அம்மா பிள்ளை பெற்ற உடம்போடு வீட்டில் கிடந்தாள், அந்தப் பக்கம் அவள் வந்ததே இல்லை, நானும் அடையாளம் சொன்னதில்லை. ஆனால் அன்றைக்கு மனையில் கால் வைக்கும் முன்பே செருப்பைக் கழற்றினாள். ராஜாராம் சிரித்து, "இன்னாம்மா, கடக்காலே போடல, அதுக்குள்ள வூட்டுக்குள்ள வர மாதிரி செருப்ப கழட்டிகினு" என்றார். அவள் நேரே நடந்து மூலையில் போய் நின்றாள். நாங்கள் பிள்ளையைப் புதைத்த அதே இடம் ரூத். ஒரு அடி முன்னும் இல்லை, பின்னும் இல்லை. உனக்கு யார் சொன்னது என்று அவளைக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அது ஈசானி மூலை, வாஸ்துப்படி தண்ணீருக்குப் போர் அங்கேதான் இறக்குவோம் என்று ராஜாராம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் வரும்போது அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "ரூத்துக்கு எழுது. அவளே வாங்கிடட்டும். போரு மட்டும் அங்க வேணாம்."

எனக்குப் பயமாக இருக்கிறது மகளே. உன் பிள்ளைகள் அங்கே ஓடி விளையாடுவதை நினைக்க முடியவில்லை. நீ வாங்காமல் விட்டால் யாரோ வந்து அந்த மூலையில் துளை போடுவான், அதையும் நினைக்க முடியவில்லை. வேறு மனை எத்தனையோ இருக்கிறது, தகப்பனாகக் கேட்டால் வேண்டாம் என்பேன். ஆனால் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்ல என்னால் ஆகாது, சொல்வதானால் நீதான் போனில் சொல்லவேண்டும். அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் ராஜாராமுக்குப் பதில் தரவேண்டும், மறக்காதே.

பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அப்பா,
தாவீது