தோணிக்காரனின் இடக்கைக் கட்டு

தம்போய்,
சனிக்கிழமை மதியம்

ரூபினி அப்பாவுக்கு,

தேன்மொழி எழுதுவது. நலம் விசாரிப்பதைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். ஏன் என்பது அங்கே வரும்போது தெரியும்.

முதலில் வீட்டுச் செய்தி. சலவை இயந்திரம் சரியாகிவிட்டது. தண்ணீர் வெளியேறும் குழாயில் ரூபினியின் ஹேர் கிளிப் சிக்கியிருந்தது. அவள் பள்ளி ஓட்டப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தாள். "அப்பாகிட்ட ரெண்டாவதுன்னு எழுதும்மா, அவரு என்ன வந்து பார்க்கவா போறாரு" என்றாள். மூன்றாவது என்றே எழுதுகிறேன். எனக்கு அடுத்த மாதத்திலிருந்து காலை ஷிப்ட்.

இனி விளையாட்டு. நீங்கள் வேலை பார்க்கும் கப்பலிலிருந்து படம் வராது, குரல் பாதியில் அறுந்துபோகும், எழுத்து மட்டும் எப்படியாவது வந்து சேரும் என்று சொல்லி, ஸ்கூடாயில் படித்த காலத்தில் நீங்களும் நண்பர்களும் ஆடிய அந்த எழுத்து விளையாட்டில் என்னையும் சேர்த்துவிட்டீர்கள். படமே இல்லாமல் என்ன விளையாட்டு என்று அன்றைக்குச் சிரித்தேன். இப்போது வாரத்தில் நான்கு நாள் அந்த ஆற்றங்கரைச் சந்தையில்தான் உங்களைச் சந்திக்கிறேன். அங்கே நீங்கள் தோணிக்காரன், நான் மூலிகைக்காரி.

சென்ற செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து பேருந்தில் வரும்போது கைப்பேசியில் விளையாட்டுக்குள் நுழைந்தேன். நீங்கள் படித்துறையில் நின்றீர்கள். 'பார் தோணிக்காரன்' என்று வெகுநாள் கழித்து அடித்தேன். இப்படி வந்தது:

'உயரமான ஆள். வெயிலில் கறுத்த முகம். இடக்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெள்ளைக் கட்டு.
தோணிக்காரன் முழு நலத்துடன் இருக்கிறார்.'

கட்டைப் பார்த்தவள் கடைசி வரியைக் கவனிக்கவில்லை. ஆற்று முதலை கடித்திருக்கும் என்று நினைத்து, கூடையில் இருந்த மூலிகையை உங்கள் கையில் வைத்தேன். 'இவருக்கு ஆற்ற வேண்டிய காயம் எதுவும் இல்லை' என்றது விளையாட்டு. மருந்து தப்பு போலிருக்கிறது என்று இரண்டாவதை வைத்தேன், மூன்றாவதையும் வைத்தேன். அதே பதில். நீங்கள் 'விடு' என்று மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள்.

மறுநாள் அமலதாஸிடம் கேட்டேன். உங்களுக்கு இரண்டு வருடம் இளையவர், இப்போது கெலாங் பாத்தாவில் இருந்துகொண்டு விளையாட்டைப் பராமரிப்பவர் அவர்தானே. "அலமாக் அண்ணி, மூணையும் வேஸ்ட் பண்ணிட்டீங்களா?" என்று முதலில் சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். மேலே வரும் விவரம் ஆடுபவர் தாமே எழுதி வைப்பது. கடைசி வரி மட்டும் விளையாட்டு கணக்கிட்டுச் சொல்வது. "சில பேரு கொம்பு மொளச்ச மாதிரி எழுதுவாங்க, வாலு இருக்குன்னு எழுதுவாங்க. கேம் அதெல்லாம் நம்பாதுலா. வாலைப் புடிச்சு இழுத்துப் பாருங்க, அப்படி ஒண்ணும் இங்க இல்லன்னுதான் சொல்லும்."

எனக்கு உடனே புரிந்தது. ஆலையில் நான் செய்வதும் அதுதான். பெட்டியின் மேல் ஒட்டிய லேபிள் ஒன்று சொல்லும், தராசு ஒன்று சொல்லும். இரண்டும் பொருந்தவில்லை என்றால் நாங்கள் தராசை நம்புவோம். அப்படிப் பார்த்தால் உங்கள் கையில் ஒன்றுமில்லை, நான் நிம்மதியாகப் போய்ச் சமைத்திருக்க வேண்டும்.

ஆனால் அரிசியைக் களையும்போது யோசனை வேறு பக்கம் போனது. விளையாட்டின் தராசுக்குத் தோணிக்காரனைத்தான் நிறுக்கத் தெரியும். உங்களை அது பார்த்ததே இல்லை. முதலை கடிக்காத கையில் கட்டு எழுதியது யார்? நீங்கள். அமலதாஸைத் திரும்ப அழைத்து, அந்த விவரம் எப்போது மாற்றப்பட்டது என்று கேட்டேன். நான்காம் தேதி என்றார். அதற்கு முன் நான்கு வருடமாக அதில் ஓர் எழுத்துகூட மாறவில்லையாம். "அண்ணன் சும்மா அழகுக்கு எழுதியிருப்பாரு அண்ணி" என்றார். கல்யாண நாளுக்கே 'வாழ்த்து' என்று ஒற்றைச் சொல் அனுப்பும் ஆள், அழகுக்காகக் கட்டுப் போட்டுக்கொள்வாரா?

தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். மூன்றாம் தேதி நீங்கள் அழைப்பதாக இருந்தது, அழைக்கவில்லை. ஆறாம் தேதி அழைத்து, "ஒண்ணும் இல்லலா, நல்லாத்தான் இருக்கேன்" என்றீர்கள். நான் கேட்பதற்கு முன்பே சொன்னீர்கள். முன்பெல்லாம் சந்தையில் மூன்று வரி பேசுவீர்கள். நான்காம் தேதிக்குப் பிறகு 'ம்', 'சரி', 'விடு'. நீங்கள் இடக்கைக்காரர்.

தெரியாததும் உண்டு. இயந்திர அறையில் என்ன நடந்தது, எலும்பா, சூடுபட்டதா, மருந்து போடுகிறார்களா, தெரியாது. வெளியே சொன்னால் பாதியில் இறக்கிவிடுவார்கள் என்று பயமா? இறக்கிவிட்டால் வீட்டுக்கு வருவீர்கள். அதற்கு மேல் என்ன ஆகிவிடும்? வாயால் சொல்ல முடியாததை அங்கே எழுதி வைத்தீர்கள், நான் வந்து பார்ப்பேன் என்று தெரிந்துதான் எழுதினீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் தப்பாகக் கணித்திருந்தால் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது நலம் விசாரிப்பு. நான் நலம் என்று எழுதினால் அது நானே எழுதி வைத்த விவரம். நிலையைச் சொல்கிறேன்: புதன்கிழமை ஒரே பெட்டியை இரண்டு முறை நிறுத்தேன். வியாழக்கிழமை சோற்றுக்கு உப்புப் போட்டுவிட்டேன். ரூபினிக்கு இன்னும் எதுவும் சொல்லவில்லை.

என் விவரத்தையும் நேற்று மாற்றியிருக்கிறேன். 'கூடையில் புதுத் துணிக் கட்டு வைத்திருக்கிறாள். ஏசுவதற்கு வரவில்லை' என்று இருக்கும். திங்கட்கிழமை ஆறு மணிக்குப் படித்துறையில் நிற்பேன். நீளமாக எதுவும் எழுத வேண்டாம். ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல். அதற்கு ஒரு விரல் போதும்.

மாரியம்மன் உங்கள் இரண்டு கைகளையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
தேன்மொழி