திருப்பி வாங்கிய பதினேழு அடைகள்

ஆற்றுமுகக் கடை,
ஹோகிடிகாவுக்குத் தெற்கே,
நியூஸிலாந்து.
அக்டோபர் 19

அன்பு மகள் கோலெட்டுக்கு,

நானும் கடையும் பூனையும் நலமாக இருக்கிறோம், மழை வழக்கம்போல விட்டபாடில்லை. அங்கே பெர்த்தில் நீயும் உன் சுரங்க முகாம் சமையலறையும் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நான் ஒரு பஸ் நிறைய பயணிகளைத் தட்டைக் கரண்டியை ஓங்கிக்கொண்டு துரத்தினேன் என்று உன் சித்தப்பா மகன் டெஸ்மண்ட் உனக்குப் போனில் சொன்னானாமே, அது பொய். நான் யாரையும் துரத்தவில்லை, கரண்டி கடைக்குள்ளேதான் இருந்தது. அவர்கள் கையிலிருந்த பொடிமீன் அடைகளைத் திருப்பி வாங்கினேன், அவ்வளவுதான். கொடுத்தது பதினெட்டு, ஒன்று ஏற்கெனவே வயிற்றுக்குள் போய்விட்டது, ஆகவே பதினேழு என்பதே சரி. எனக்கு மூளை கலங்கிவிட்டது, கடையை விற்றுவிட்டு என்னை கிறைஸ்ட்சர்ச்சில் ஒரு முதியோர் விடுதியில் சேர்ப்பதுதான் நல்லது என்றும் சொல்கிறானாம். அதற்கு நீ பதில் சொல்லும் முன் நடந்ததை என் கையெழுத்தில் படி. பாதி உண்மை சொல்லும் பிள்ளையைப் பள்ளியில் சிஸ்டர் இக்னேஷியா மறுபடி எழுந்து நின்று முழுதும் சொல்லச் சொல்வார், அறுபது வருஷம் கழித்தும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

இந்த வருஷம் பொடிமீன் ஆற்றில் ஏறுவதே குறைவு. ஒரு நாள் முழுக்க வலையோடு கரையில் நின்றவர்களுக்கும் ஒரு வாளியின் அடிதான் நனைந்தது. அப்படிக் கிடைத்த மீனை முட்டையில் கலந்து அடை சுடுகிறோம். மீன், முட்டை, உப்பு, வேறு எதுவும் கிடையாது என்பது உனக்குத் தெரியும். தெற்கே போகும் வழியில் மாவு கலந்து கனமாகச் சுட்டுப் பயணிகள் தலையில் கட்டும் கடைகள் உண்டு, நம் கடைப் பலகையில் மாவில்லை என்று உன் அப்பா தன் கையால் எழுதி மாட்டியதும் அதற்காகத்தான். போன வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை லெஸ்டர் ஓட்டும் சுற்றுலா பஸ் அரை மணி முன்னதாகவே வந்துவிட்டது, முப்பத்தொரு பேர். நைரி அடுப்படியில், நான் கல்லாவில். தேனும் புகையூட்டிய கஹவாய் மீனும் ருபார்ப் ஜாமும் எடுத்துக் கொடுப்பதில் அன்றைய முதல் அடையை ருசி பார்க்கும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். பதினெட்டு போன பிறகுதான் ஒரு துண்டு வாயில் வைத்தேன். மாவு.

வெளியே போய் மழையில் நின்று ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுத் திருப்பி வாங்கினேன். ஒரு கனடாக்காரப் பெண் நல்லாத்தானே இருக்கு, எதுக்குங்க பிடுங்குறீங்க என்றாள். உங்களுக்கு நல்லா இருக்கும்மா, பலகைக்கு நல்லா இல்லையே என்றேன். அவள் புருஷன் அடை வைத்த ரொட்டியோடு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான், நான் அவன் முதுகுப் பக்கமே போய் வாங்கிக்கொண்டேன். ஒரு கிழவர் மட்டும் உள்ள போயிடுச்சு தாயே, இனி நான் என்ன பண்றது என்று வாயைத் திறந்து காட்டினார். எல்லோருக்கும் ஆளுக்கொரு புட்டி ராட்டாப் பூத் தேன் கொடுத்து அனுப்பினேன். இதுவரை எனக்கு வெட்கமில்லை, இன்னொரு முறை நடந்தாலும் இதையேதான் செய்வேன்.

வெட்கப்பட வேண்டியது இனிமேல்தான் வருகிறது. கடைசிப் பயணிகள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நான் நைரியிடம் திரும்பி, இருபது வருஷமா என் பக்கத்துல நிக்கிற, மீன் கம்மின்னு மாவைக் கலக்க உனக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டுவிட்டேன். அவள் கோபப்படவில்லை. ஏப்ரனைக் கழற்றி நாலாக மடித்துக் கல்லா மேல் வைத்தாள். முட்டைய நான் தொடவே இல்ல பிலோ, காலைல கலக்கி வெச்சது நீ, என்று சொல்லிவிட்டுக் குடைகூட எடுக்காமல் நடந்து போய்விட்டாள். நான் நம்பவில்லை. மறுநாள் காலை ஸ்கோன் ரொட்டி சுடலாம் என்று முந்தின நாள் விடியற்காலையில் சலித்து வைத்த மாவைத் தேடினேன், காணோம். அலமாரி முழுக்கத் தேடிவிட்டு, அதைச் சலித்துக் கொட்டிய வெள்ளை எனாமல் பேசின் கழுவி கவிழ்த்திருப்பதைப் பார்த்தேன். அந்தப் பேசினில்தான் நான் நாலு டஜன் முட்டையை உடைத்து ஊற்றியிருக்கிறேன். வெள்ளைப் பாத்திரத்தில் வெள்ளை மாவு என் கண்ணுக்குத் தெரியவில்லை கோலெட். கலக்கும்போது கை கனத்தது, நல்ல நாட்டுக்கோழி முட்டை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நான் உன்னிடம் ஒளித்ததையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கண்ணிலும் புரை இருக்கிறது. பிப்ரவரியிலேயே டாக்டர் சொன்னார், அறுவைக்கு இரண்டு முறை தேதி கொடுத்தார்கள், இரண்டு முறையும் கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லித் தள்ளிப்போட்டேன். உண்மையில் கடை ஒரு காரணமே இல்லை. எனக்குக் கண் தெரியவில்லை என்று ஊரில் யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் காரணம்.

பேசினைப் பார்த்த அன்று காலையே நைரி வீட்டுக்குப் போனேன். வாசலில் நிற்க வைத்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் மாவைப் பற்றிச் சொன்னேன், எல்லார் முன்னாலும் திட்டியதற்கு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றும் சொன்னேன். கலவை கெட்டியா இருந்தது எனக்கும் தெரிஞ்சுது என்றாள். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ கலக்கினதைக் குறை சொல்ல இந்த ஊர்ல எவளுக்குத் தைரியம் இருக்கு, உன் புருஷனே சொன்னதில்ல என்றாள். வீடு திரும்பும் வழியெல்லாம் அதுவே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் இரண்டு நிபந்தனை போட்டாள். கண் அறுவையைச் செய்துகொள்ள வேண்டும். முதல் அடையை இனி அவள்தான் ருசி பார்ப்பாள், நல்லாயில்ல என்றால் நான் வாதாடக் கூடாது. இரண்டுக்கும் சரி என்றேன், அப்புறம்தான் தேநீர் கொடுத்தாள். சனிக்கிழமை மாலைத் திருப்பலி முடிந்ததும் ஆலய வாசலில் எல்லோர் எதிரிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், டெஸ்மண்ட் அதைப் பற்றி உனக்குப் போன் செய்திருக்க மாட்டான்.

முந்தாநாள் வியாழன், லெஸ்டர் மறுபடி வந்தான். பஸ்ஸில் ஓர் இடம் காலியில்லை. மிஸஸ் டூலன், இன்னைக்கும் பிடுங்குவீங்களான்னு வழியெல்லாம் கேட்டுக்கிட்டு வந்தாங்க, ஏமாத்திடாதீங்க என்றான். சாப்பிடும்போது ஒருவர்கூடக் கையை முதுகுக்குப் பின்னால் வைக்கவில்லை. நைரி முதல் அடையைத் தின்றுவிட்டு உப்பு கொஞ்சம் தூக்கல் என்றாள். தூக்கல் இல்லை என்பது என் எண்ணம். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆகவே கடையை விற்பதாக இல்லை. மீனும் இரண்டு நாளாகக் கொஞ்சம் ஏறுகிறது, பருவம் முடிவதற்குள் கோடைக்கு உறையவைக்கும் அளவு சேர்ந்துவிடும் என்கிறார்கள். முதல் கண்ணுக்கு நவம்பர் 25 தேதி கொடுத்திருக்கிறார்கள், அடுத்த கண் இரண்டு வாரம் கழித்து. ஜனவரி நடுவரை அடுப்பின் ஆவி படக் கூடாதாம். டிசம்பரில் நாளைக்கு மூன்று பஸ் வரும், நைரி ஒருத்தியால் முடியாது, அறிமுகமில்லாத கையை அந்தச் சட்டியருகே நிறுத்த எனக்கும் மனம் வராது. ஒன்பது வயதில் மாவின் வாசனையை வாசலிலிருந்தே சொன்னவள் நீ. முகாமில் முட்டைப் பொடியைக் கரைத்து முந்நூறு பேருக்கு ஊற்றுகிறாய் என்று கேள்விப்பட்டேன், அதைப் பற்றி இங்கே எதுவும் எழுதப் போவதில்லை.

வேளைக்குச் சாப்பிடு, ஞாயிறு தவறாதே, வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே. மோட்சத்திலிருக்கும் உன் அப்பாவின் ஆசியும் என் ஆசியும் எப்போதும் உன்னோடு இருக்கட்டும்.

நவம்பர் கடைசியிலிருந்து ஏழு வாரம் வந்து சட்டியருகே நிற்பாயா என்பதுதான் கேள்வி. போனில் சொல்லாதே, போனில் நீ எல்லாவற்றுக்கும் சரி என்பாய். உண்டா இல்லையா என்று காகிதத்தில் மையால் எழுது. எழுத்து பெரிதாக இருக்கட்டும், நானே படிக்க முடிகிற அளவுக்கு.

உன் அம்மா,
பிலோமினா டூலன்