உள்ளே இருந்த ஐந்து பேர்

பனிக்காலம், 9ஆம் நாள். காலை 8.15

வெளியே மைனஸ் பதினெட்டு. காற்று மிதம். தரையில் பனி கெட்டிப்பட்டிருக்கிறது. உள்ளே கொதிகலன் முதல் குழாய்கள் வரை எல்லாம் சரி.

பின்னால் இதைப் படிக்கப்போகிறவருக்கு: நான் அங்கயற்கண்ணி, வெண்ணிலத்தின் வடக்குக் குடியிருப்புக்கு மருத்துவர். இந்தக் கோளின் காற்றை மனிதர் சுவாசிக்கலாம். குளிர் ஒன்றுதான் பகை. இங்கே ஒரு பனிக்காலம் பூமிக் கணக்கில் ஒரு வருடத்தைத் தாண்டும். சூரியன் தினமும் வரும், சிறிது நேரம், வெளிறிப்போய்.

போன பனிக்காலம் முழுவதும் பிள்ளைகளை வெளியே விடவில்லை. முடிவில் எல்லாருக்கும் கால்வலி, ஓயாத இருமல், தூரப் பார்வை மங்கல். மாத்திரையும் விளக்கொளியும் கொடுத்தும் எலும்பு பலப்படவில்லை. ஓடிக் குதிக்காத எலும்பு எப்படிப் பலப்படும்? அதனால் இந்த முறை ஒரு சோதனை. பத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் தினமும் மதியம் முற்றத்தில் விளையாடுவார்கள். மீதிப் பேர் வழக்கம்போல உள்ளே.

எல்லாரையுமே வெளியே விடலாமே என்று கேட்டேன். தலைமை நிலையத்திலிருந்து டாக்டர் கோதண்டம் வானொலியில் சொன்னது: "ஒப்பிட ஒரு குழு இல்லேன்னா யாரும் ஏத்துக்க மாட்டாங்க, டாக்டர். இந்தத் தடவை குளிர் கம்மி, அதான் பிள்ளைங்க நல்லா இருந்ததுன்னு சொல்லிடுவாங்க. எல்லாக் குடியிருப்புக்கும் விதி மாறணும்னா ஆதாரம் வேணும்."

அவர் சொல்வது சரி.

11ஆம் நாள். மாலை 4.00

சீட்டுப் போட்டோம். ஆசிரியை குஞ்சரம் ஒவ்வொன்றாக எடுத்து, அதிலிருந்த எண்ணையும் 'உள்ளே', 'வெளியே' என்பதையும் படித்தார்; எந்த எண் எந்தப் பிள்ளை என்பது என் பட்டியலில் மட்டும். நான் எழுதினேன்.

என் மகள் நப்பின்னைக்கு 'உள்ளே' வந்தது. சேந்தனுக்கு 'வெளியே'. இருவருக்கும் எட்டு வயது. மாற்றி எழுதினேன். குஞ்சரம் அடுத்த சீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

சேந்தனின் அப்பா பேச்சிமுத்து, கொதிகலன் மெக்கானிக். மகனைத் தனியாக வளர்க்கிறார். மற்றப் பெற்றோரைப் போல அவருக்கும் குளிரைக் கண்டால்தான் பயம். உள்தொலைபேசியில் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா, சேந்தன் உள்ளதானாமே? இப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. எம்புள்ளைய அந்தக் குளிர்ல விடணுமேன்னு கெடந்து தவிச்சேன். நீங்க நல்லா இருக்கணும்."

"சரி, பேச்சிமுத்து" என்றேன். வைத்துவிட்டேன்.

64ஆம் நாள். மதியம் 1.30

மைனஸ் இருபத்திரண்டு. மருத்துவ அறை ஜன்னலிலிருந்து முற்றத்தைப் பார்த்தபடி எழுதுகிறேன். குஞ்சரம் பிள்ளைகளோடு வெளியே இருக்கிறார்.

பனிக்கட்டிகளை அடுக்கிக் கோட்டை கட்டுகிறார்கள், உடைக்கிறார்கள், அதற்கொரு சண்டை. தோல் குளிரில் உறையத் தொடங்கி ஒருவர் கன்னத்தில் வெள்ளைத் திட்டு விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் கத்தவேண்டும், உடனே கையால் பொத்தவேண்டும். குஞ்சரம் ஒருமுறை சொல்லிக்கொடுத்ததைப் பிள்ளைகளே ஆட்டமாக்கிவிட்டார்கள். நப்பின்னை நனைந்த கையுறையோடு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிடுகிறாள். படுத்ததும் தூங்கிவிடுகிறாள்.

உள்ளே இருக்கும் ஐவர் நடைக்கூடத்துக் கண்ணாடியில் முகம் பதித்து நிற்கிறார்கள். அல்லி ஆறு வயதுக்காரி, எல்லாரிலும் சின்னவள். அவளுக்கு இருமல் ஆரம்பித்திருக்கிறது. சேந்தன் வெளியே இருப்பவர்களுக்குக் கண்ணாடி வழியாகவே யோசனை சொல்கிறான், கோட்டைக்கு எந்தக் கட்டியை எங்கே வைக்கவேண்டும் என்று. யாருக்கும் கேட்பதில்லை.

140ஆம் நாள். காலை 10.40

அளவுகள் வந்துவிட்டன. இனிச் சந்தேகமே இல்லை. வெளியே விளையாடுகிறவர்களுக்கு எலும்பு உறுதி, நுரையீரல் சுத்தம், கண் தெளிவு. உள்ளே இருப்பவர்கள் போன பனிக்காலத்தைவிட மோசம். அடைத்த காற்றில் ஒருவர் இருமலை ஒருவர் வாங்கிக்கொள்கிறார்கள்.

கோதண்டத்திடம் சொன்னேன். "அருமையான முடிவு! பனிக்காலம் முடியிற வரைக்கும் கொண்டுபோனா அசைக்கவே முடியாது. ஆனா நிறுத்துறதும் தொடர்றதும் உங்க விருப்பம், டாக்டர். நான் கட்டாயப்படுத்தல."

கட்டாயப்படுத்தியிருந்தால் இன்று எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

தொடரலாம் என்றேன். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு நல்லது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய்யில்லை. அறிக்கையில் என் பெயர் முதலில் வரும் என்பதும் பொய்யில்லை.

152ஆம் நாள். மாலை 5.20

உள்தொலைபேசி. பேச்சிமுத்து.

"படி ஏறுனா கால் வலிக்குன்னு சொல்லுதான். வெளிய வெளையாடுத பிள்ளேளு நல்லாத்தான இருக்கு, டாக்டரம்மா. நாந்தான் புரியாமப் பயந்துட்டேன். சேந்தனையும் விட்டுப் பாப்பமா?"

பனிக்காலம் முடியட்டும் என்றேன். மாத்திரையை இரட்டிப்பாக்கினேன்.

"நீங்க சொன்னாச் சரிதான்."

171ஆம் நாள். காலை 7.30

கொதிகலன் வெடித்துவிட்டது. பிரதான குழாய் நீளவாக்கில் பிளந்திருக்கிறது. இனி ஒட்டவைக்க முடியாது என்கிறார் பேச்சிமுத்து. அவர் இடது கை வெந்துபோயிருக்கிறது. கட்டுப்போட்டிருக்கிறேன்.

பெரியவர்கள் பலரும் சுரங்க வேலைக்காகத் தலைமை நிலையத்தில் இருக்கிறார்கள். மலைமுகட்டில் பனிப்புயல், வண்டி வராது. இங்கே நான், குஞ்சரம், பேச்சிமுத்து, பத்துப் பிள்ளைகள். அறைகள் வேகமாகக் குளிர்கின்றன. மலையடிக் கிடங்கில் அடுப்பும் உணவும் வானொலியும் உண்டு. பிள்ளைகளோடு நடந்தால் மூன்று மணி நேரம். எல்லாரும் கிளம்புகிறோம்.

171ஆம் நாள். காலை 10.05

திரும்பிவிட்டோம். எல்லாரும் அல்ல.

நப்பின்னை உட்பட வெளியே விளையாடிய ஐவரும் குஞ்சரத்தின் பின்னால் வரிசையாக நடந்தார்கள். காற்றுக்கு முதுகைக் காட்டுவது, மூக்கால் மூச்சிழுப்பது எல்லாம் அவர்களுக்குப் பழக்கம். உள்ளே இருந்த ஐவரும் முற்றத்துச் சுவரைத் தாண்டுவதற்குள்ளேயே மூச்சுவாங்கி உட்கார்ந்துவிட்டார்கள். சேந்தன் வாசல் சறுக்கலில் விழுந்தான். உயரமே இல்லை. தொடையெலும்பு முறிந்துவிட்டது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

இருப்பது ஒரே ஒரு சறுக்குவண்டி. இரண்டு பிள்ளைகளைத்தான் ஏற்றலாம். கை வெந்திருந்தாலும் அதை இழுக்கும் பலம் பேச்சிமுத்துக்கு மட்டுமே. சேந்தனின் காலுக்கு இப்போதுதான் கட்டை வைத்துக் கட்டினேன், உடனே அசைக்கக்கூடாது. உள்ளே இருந்தவர்களில் வேறு இருவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். போகும்போது மகனின் தொப்பியைச் சரிசெய்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஒங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

சேந்தன், அல்லி, பரிதி என்ற ஏழு வயதுப் பையன். இவர்களோடு மருத்துவ அறையில் இருக்கிறேன். ஒரு எண்ணெய் அடுப்பு. அலமாரிகளைப் பிளந்து எரிக்கலாம்.

171ஆம் நாள். பிற்பகல் 3.50

கிடங்கிலிருந்து வானொலி. பேச்சிமுத்து.

"டாக்டரம்மா, கேக்குதா? எல்லாரும் வந்து சேந்தாச்சு. ஒங்க மவ இருக்காளே, காத்தடிக்கிற பக்கம் ஒருத்தரே நடக்காம மாத்தி மாத்தி விட்டா. கன்னம் வெளுத்தவனுக்கு அவளே பொத்தி விட்டா. பெரிய மனுசி கணக்கா கூட்டியாந்துட்டா."

அதற்குமேல் என்னால் கேட்க முடியவில்லை. சொன்னேன். சேந்தனுக்கு வந்த சீட்டு 'வெளியே' என்று. மாற்றியது நான் என்று. முடிவு தெரிந்த பிறகும் கதவைத் திறக்காதது நான் என்று.

 

"சேந்தன்ட்ட குடுங்க."

கொடுத்தேன்.

"ஏலே, அப்பா வருதேன். கால அசைக்காத. தூங்கிராத, என்ன?"

"சரிப்பா. அல்லி ரொம்ப இருமுதா, பாவமா இருக்கு. சீக்கிரம் வா."



சேந்தனுக்கும் எல்லாம் கேட்டிருக்கிறது. அடுப்புப் பக்கம் பார்த்தபடி என்னிடம் கேட்டான்: "அப்போ அந்தக் கோட்டைய நானும் கட்டியிருப்பேனா?"

ஆமாம் என்றேன்.

172ஆம் நாள். காலை 6.45

அல்லியின் மூச்சு விடியும்போது நின்றது. என் மடியில்தான் இருந்தாள். அவளுடைய அம்மாவும் அப்பாவும் மலைக்கு அந்தப்பக்கம். தலைமை நிலையத்தை மூன்று முறை கூப்பிட்டேன், கிடைக்கவில்லை.

அளவுக் குறிப்பில் நேரத்தை எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன். அவள் பெயருக்குப் பக்கத்தில், பழக்கத்தில், 'உள்ளே' என்றும் எழுதியிருக்கிறேன்.

அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. கிழிக்கும் தகுதி எனக்கு இல்லை.

172ஆம் நாள். காலை 9.30

பேச்சிமுத்து வந்துவிட்டார். இரவில் புயல் கீழேயும் இறங்கிவிட்டதாம்; அது அடங்கும்வரை காத்திருக்காமல் விடிந்ததுமே கிளம்பியிருக்கிறார். புருவமெல்லாம் பனி. மகனை முத்தமிட்டார். அல்லியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

அல்லியை நான் முதுகில் கட்டிக்கொள்கிறேன் என்றேன்.

"வேண்டாம். உசுரோட இருக்குறவங்கள மொதல்ல கொண்டு சேப்போம். பொறவு நானே வந்து தூக்கிட்டுப் போறேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. போர்வைகளை மடித்தபடியே சொன்னார்: "ஒங்க மவ அம்மா எப்ப வருவாங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. இன்னைக்கு வந்துருவாங்கன்னு சொல்லிட்டேன். கெளம்புங்க."

அல்லியைப் போர்த்திவிட்டேன். குறிப்பேட்டை எடுத்துக்கொள்கிறேன்.

172ஆம் நாள். மதியம்

நேரம் பார்க்க முடியவில்லை. கடிகாரம் கையுறைக்குள்.

பாதி வழி இருக்கலாம். பாறை மறைவில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பனிக்காலம் முழுவதும் நானும் ஜன்னலுக்குப் பின்னால்தான் இருந்தேன். நேற்றுவரை வெளியே கால் வைத்ததே இல்லை. என்னை யாரும் அளக்கவில்லை. முழங்கால் மடங்கியபிறகு நிமிரவில்லை. நெஞ்சில் காற்று நிற்கவில்லை.

பேச்சிமுத்து என்னைத் தூக்கி வண்டியில் வைக்கப் பார்த்தார். பரிதியையும் சேந்தனையும் இறக்கினால்தான் இடம். போங்கள் என்று கத்தினேன். தன் மேல்கோட்டைக் கழற்றி என்மேல் போட்டார். வேண்டாம் என்று தள்ளத் தள்ளப் போட்டார்.

"பிள்ளேள விட்டுட்டு வந்துருதேன். இங்கனயே இருங்க. தூங்கிராதீங்க, டாக்டரம்மா."

படிக்கிறவருக்கு. ஒப்பிட இனி எதுவும் இல்லை. எந்தக் குடியிருப்பிலும் இன்னொரு முறை செய்யவேண்டாம். கதவைத் திறந்துவிடுங்கள். நப்பின்னையிடம் இதைக் கொடுக்கலாம். அவள் எல்லாவற்றையும் படிக்கட்டும்.

விரல் வரவில்லை

கோட்டு இல்லாமல் போகிறார். இன்னும் தெரிகிறது, வண்டி. சின்னதாக

திரும்பி வருவார். எனக்குத் தெரியும், வந்துவிடுவார்

அதைத்தான் தாங்க முடிய