அடுத்த ஸ்டாப்பில் ஏறும் ஆள்

வீட்டுக்காரிக்கு,

நான் நலம். நீயும் உன் தங்கை வீட்டில் நலமாகத்தான் இருப்பாய். எப்போது போன் செய்தாலும் அவள்தான் எடுத்து, அக்கா குளிக்கிறாள் என்கிறாள். மூன்று வேளையும் குளித்தால் சளி பிடிக்கும். அதனால்தான் இந்தக் கடிதம்.

சிரிக்காதே, நான் கடற்கரை ஊர்களைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய அதே ரோடு, இப்போது டிக்கெட் வாங்கி உட்கார்ந்து போகிறேன். ஊர் ஊராக நிறுத்திக் காட்டும் சுற்றுலா பஸ், மொத்தம் ஐந்து ஊர். சீட் இரண்டாகப் போட்டிருக்கிறேன்.

கடலைப் பார்த்தேன். வருஷா வருஷம் நீ கூட்டிப் போகச் சொல்வாய், "அங்க என்ன இருக்கு, தண்ணிதானே" என்பேன். நிஜமாகவே எனக்குத் தெரியாது. அந்த வளைவுகளில் ரோட்டை விட்டுக் கண்ணை எடுத்தால் நாற்பது பேர் கதி என்ன ஆவது? பாறை ஓரத்தில் கடல் பச்சை, தள்ளிப் போனால் நீலம், சாயங்காலம் நம் வீட்டுப் பழைய அலுமினியச் சட்டியின் நிறம். ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் தானாக பிரேக்கைத் தேடி மிதிக்கிறது. முன்சீட்டு அம்மா இரண்டு தடவை திரும்பி முறைத்துவிட்டார்.

நேற்று துறைமுக ஊர். ஓட்டலில் எதிர் நாற்காலியில் என் பையை வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். கலங்கரை விளக்கத்தில் நூற்றுப் பதினெட்டுப் படி ஏறினேன். மேலே போய், "இங்க பாரேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், என்னால் தாங்க முடியவில்லை.

நான் ஓய்வு பெற்ற மறுநாள், இருவரும் கடல் பார்க்கப் போக நீ பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தாய். டிப்போவில் ஆள் இல்லை என்று கூப்பிட்டார்கள். "ஒரு வாரம்தானே, பொறு" என்று சொல்லிவிட்டு நான் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். முப்பது வருஷம் பொறுத்தவளிடம் பேசுகிற பேச்சா அது? திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை, நீயும் இல்லை. தப்பு என்னுடையதுதான்.

ஜன்னல் சீட்டில் நான் உட்காரவில்லை. முதல் நாளே கண்டக்டர் தள்ளி உட்காரச் சொன்னான். அடுத்த ஸ்டாப்பில் ஆள் ஏறும் என்றேன். ஒவ்வொரு ஊரிலும் அதையே சொல்லிக்கொண்டு வருகிறேன். இப்போது அவன் கேட்பதில்லை, பாவம் என்பதுபோல் பார்த்துவிட்டுப் போகிறான்.

இன்று செவ்வாய். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு இந்த பஸ் உன் தங்கை தெருமுனையில் நிற்கும். அதற்கப்புறமும் இரண்டு ஊர் பாக்கி இருக்கிறது. அந்தப் பெட்டியை நீ இன்னும் பிரித்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். முதல் படி கொஞ்சம் உயரம், உன் முழங்காலுக்கு ஆகாது. நான் கீழே இறங்கி நிற்கிறேன்.

கண்டக்டரிடம் சொல்லி வைத்துவிட்டேன், இந்தத் தடவை கட்டாயம் ஆள் ஏறும் என்று. என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

இப்படிக்கு,
ஜன்னலை உனக்கு விட்டு உட்கார்ந்திருக்கும்
உன் டிரைவர்