பட்டை இருக்கிறது, வாட்ச் இல்லை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், அம்மாவின் இடது முழங்காலை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இருமல் விட்டதா, கூடத் தங்கியிருக்கும் பையன் இன்னும் உன் சட்டையைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொள்கிறானா என்று அம்மா வரிசையாகக் கேட்கிறாள். அவனிடம் முகத்துக்கு நேரே சொல்லிடணும், மென்னு முழுங்கிக்கிட்டு இருந்தா நாளைக்கு உன் செருப்பையும் போட்டுக்கிட்டுப் போவான் என்று சொல்லச் சொன்னாள். இதை எழுதும்போது என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். மென்று விழுங்குவதில் நான் உனக்கு அக்கா என்று அவள் நினைப்பு.

போனில் சொல்ல வேண்டியதை ஏன் கடிதமாக எழுதுகிறோம் என்றால், போனில் நீயும் அப்பாவும் பேச ஆரம்பித்தால் அது பேச்சாக இருப்பதில்லை. போன வாரம் நீ வாரண்டி என்னப்பா ஆச்சு என்றுதான் கேட்டாய். என்ன ஆச்சுன்னா என்னடா அர்த்தம், நான் என்ன அதை முழுங்கிட்டேனா என்றார் அவர். நீ வைத்துவிட்டாய். உன்னிடம் ஒரு வார்த்தை பேசலாம் என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்த அம்மா, பேச ஆள் இல்லாத போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் நீ எனக்கு ஒரு செய்தி அனுப்பினாய். நடந்ததையெல்லாம் முதலிலிருந்து எழுது, நான் இங்கிருந்து கம்பெனிக்காரர்களிடம் பேசிக்கொள்கிறேன் என்று. சரி, எழுதுகிறேன். படித்த பிறகு நீ அவர்களிடம் பேசுவாயா என்று தெரியவில்லை.

அந்த நீச்சல் வாட்ச்சை நீ அனுப்பியபோது அம்மாவுக்கு இருந்த சந்தோஷம் உனக்குத் தெரியும். நாள் முழுக்க ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் நின்றுகொண்டு ஈரப் போர்வைகளை இயந்திரத்துக்குள் தள்ளித் தள்ளி முழங்கால் போய்விட்டது, டாக்டர் தண்ணீரில் இறங்கச் சொன்னார், நீ வாட்ச் அனுப்பினாய், அதுவரை உனக்குத் தெரியும். தெரியாதது இனிமேல்தான். அதன் ரப்பர் பட்டை அம்மாவின் மணிக்கட்டில் தடித்துச் சிவந்து அரிக்க ஆரம்பித்தது. உடனே சொல்லியிருந்தால் நீ வேறு பட்டை அனுப்பியிருப்பாய். அவன் ஆசையா வாங்கினதைக் குறை சொல்லாதீங்க என்று அம்மா எங்கள் வாயை அடைத்துவிட்டாள். ஆனால் அப்பாவால் ஒரு நாள்கூடச் சும்மா இருக்க முடியவில்லை. பயணப் பைகளுக்குக் கைப்பிடி தைக்கிற மனுஷன் முன்னால் ஒரு பட்டை சரியில்லை என்றால் அவருக்குத் தூக்கம் வருமா. இதெல்லாம் ஒரு பட்டையா, பலூனை நறுக்கி ஒட்டி வெச்சிருக்கான் என்று அந்த ரப்பரைக் கழற்றிப் போட்டுவிட்டு, பட்டறையில் பெரிய பைகளுக்குப் போடுகிற நைலான் நாடாவை இரண்டாக மடித்து, நாலு வரிசை தையல் போட்டு, கையைச் சுற்றி வருகிற மாதிரி ஒரே பட்டையாகச் செய்தார். அதன் மேல் வாட்ச்சை வைத்து, இரண்டு பக்கமும் வாட்ச்சைப் பட்டையோடு பிடித்துக்கொள்கிற குட்டிக் கம்பிகளை இடுக்கியால் நெருக்கி உள்ளே தள்ளினார். இனிமே இதை லாரி கட்டி இழுத்தாலும் வராது என்றார். பட்டறையில் ஜிப் போடுகிற மேஜையிலிருந்து நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பட்டை கனமாக இருக்கிறதே என்று தோன்றியது. தோன்றியதைச் சொல்கிற பழக்கம் எனக்கு எங்கே இருக்கிறது.

அப்பா சொன்னது பொய்யில்லை, பட்டை வரவே இல்லை. வாட்ச் தொலைந்த அன்றைக்கு அம்மா நீச்சல் குளத்திலிருந்து ஏறி உடை மாற்றும் அறைக்கு வந்து கையைப் பார்த்தால் பட்டை அப்படியே இருக்கிறது, வாட்ச் இருந்த இடம் மட்டும் காலி. கூடப் போயிருந்த என்னிடம் கையை நீட்டிக் காட்டினாள். அதற்குள் குழந்தைகள் வகுப்பு தண்ணீரில் இறங்கிவிட்டது. குளத்துக் காவல்காரர், நாங்கள் விசில் என்று கூப்பிடுகிறவர், அவர் பாவம் நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு அடிவரை போய்த் துழாவினார். ஓரத்துச் சல்லடைகளையெல்லாம் தூக்கிப் பார்த்தார். தலைமுடியும் ஒரு தலைக்கிளிப்பும் யாரோ ஒருவருடைய காது அடைப்பானும் கிடைத்தன. வாட்ச் இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா முதலில் கேட்டது என்ன தெரியுமா, பட்டை அறுந்திருக்கா என்று. இல்லை என்றதும், பாத்தியா என்றார். அம்மா அன்று அவருக்குத் தட்டு வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அதற்கப்புறம் வாரண்டி. யார் போன் பண்ணுவது என்று வந்தபோது அப்பாவுக்குக் கோபம் வரும், அம்மாவுக்கு வேலை, மிச்சம் நான். தெரியாதவர்களிடம் பேச எனக்கு எவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தை விட்டதே வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொன்னதால்தான் என்று நீ கேலி பண்ணுவாய். போனை எடுத்த கம்பெனி ஆள் என்ன பழுது என்றான். காணோம் என்றேன். காணாமல் போவதெல்லாம் பழுதாகாது மேடம், உடைந்தால்தான் வாரண்டி என்றான். என்னை மேடம் என்று கூப்பிட்டதில் அடுத்து கேட்க வேண்டியது மறந்துவிட்டது. பக்கத்திலிருந்து அப்பா, உடைஞ்சா புதுசு குடுப்பாங்களாம், முழுசாப் போனா குடுக்க மாட்டாங்களாம், பாதி நஷ்டத்துக்கு உண்டு முழு நஷ்டத்துக்குக் கிடையாதா, கேளு கேளு என்று என் தோளை இடித்துக்கொண்டே இருந்தார். நான் கேட்கவில்லை, நன்றி என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் எழுதிக் கேட்டோம். பதில் வந்தது. தங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது, காணாமல் போன பொருளைச் சோதனைக்காக எங்களுக்கு அனுப்பி வைக்கவும் என்று. மறுபடி விளக்கி எழுதினோம். மறுபடி அதே பதில், வருத்தம் புரிகிறது என்பது மட்டும் இந்த முறை இரண்டு தடவை இருந்தது. அம்மா, அவங்களுக்குப் புரிஞ்ச வரைக்கும் போதும், புரிய வேண்டியது புரியலையே என்றாள்.

கடைசியில் போன வாரம் அரை நாள் லீவு போட்டு நானும் அப்பாவும் நேரிலேயே போனோம். கண்ணாடிக் கதவு, குளிர், எண் கூப்பிடும்வரை உட்கார வழவழப்பான நாற்காலி. அப்பா அந்த நாற்காலியின் தையலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கவுன்ட்டரில் ஒரு அக்கா, நல்ல மாதிரி. நான் திக்கித் திணறிச் சொன்னதை நடுவில் வெட்டாமல் முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தி, இந்த மாடலில் பட்டை கழன்று விழுகிறது என்று நிறைய பேர் வந்திருக்கிறார்கள், கம்பெனி மேல் தப்பு இருப்பதால் தொலைத்தவர்களுக்கும் புதுசு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது அண்ணா. கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் தட்டிவிட்டு, போட்டிருந்தது கம்பெனிப் பட்டைதானேம்மா, ஆமான்னு சொன்னாப் போதும் என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், திறந்து என்ன சொல்லியிருப்பேன் என்று சத்தியமாக எனக்கே தெரியாது, அப்பா முந்திக்கொண்டார். அந்தப் பலூனா, அதைக் கழட்டி எறிஞ்சாச்சும்மா, இது நான் தெச்சது என்று சட்டைப் பையிலிருந்து பட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். அந்த அக்கா, அப்பா கொஞ்சம் இருங்க, பொண்ணு பேசட்டும் என்றாள், கண்ணாலும் என்னவோ சொல்லிப் பார்த்தாள். அவ என்ன பேசுவா, தெச்சவன் நான்ல, இழுத்துப் பாரும்மா, நல்லா இழு என்றார். பாவம், அவளும் இழுத்துப் பார்த்தாள். தையல் ரொம்ப நல்லா இருக்குப்பா என்றாள். சொல்லிவிட்டு, வெளிப் பட்டை போட்டதால் வாரண்டி செல்லாது என்று மெதுவாகச் சொன்னாள். அதற்கு அப்பா, வெளிப் பட்டையா, இது வெளியில வாங்கலம்மா, நானே தெச்சது என்றார். எங்கள் பின்னால் நின்றவர் சிரித்துவிட்டார். எனக்கு அந்த நாற்காலிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பட்டையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தார். அந்தக் கனத்தை அத்தனை சின்னக் கம்பி தாங்காது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துவிட்டதால்தான் உன்னிடம் அப்படிக் கத்தினார். வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கைக்கு வந்ததை வாயால கெடுத்தீங்களே என்று அவரைத் திட்டிவிட்டு, நீயாவது முந்திப் பேசியிருக்கக் கூடாதா என்று என்னிடம் திரும்பினாள். பொய் சொல்லச் சொல்றியாம்மா என்று கேட்டேன். பொய் சொல்லச் சொல்லலடி, வாயைத் திறக்கச் சொன்னேன் என்றாள். ஆகையால் அண்ணா, நீ கம்பெனியுடன் சண்டை போடாதே. முதலில் அவர்கள் எழுதிய பதிலெல்லாம் எரிச்சல்தான், ஆனால் கடைசியில் சொன்னது நியாயம். ரப்பர் பட்டைதான் போட்டிருந்தது என்று நீ ஒரு வரி எழுதினால் காரியம் முடிந்துவிடலாம், அந்த யோசனை உனக்கு வரும் என்று எனக்குத் தெரியும். வேண்டாம். அது அப்பா காதுக்கு எட்டினால் புது வாட்ச் வந்தும் இந்த வீட்டில் யாரும் அதைத் தொட முடியாது.

இதுவரை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதும் நான் சேர்த்ததும். இப்போது மழை தூறுகிறது என்று மாடியில் காயும் துணியை எடுக்கப் போயிருக்கிறாள். ஒவ்வொரு படியாக, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறும் சத்தம் கேட்கிறது. அவள் இறங்கி வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். வாட்ச் தொலைந்த நாளிலிருந்து நேற்று வரை அம்மா குளத்துக்கே போகவில்லை. வாட்ச் வரட்டும், போறேன் என்பாள். கால் வீங்கிப் போய் வேலையிலிருந்து வரும்போது வழியில் மருந்துக்கடை வாசலில் உட்கார்ந்து எழுந்து வருகிறாள். வாட்ச் இல்லாவிட்டால் தண்ணீர் வற்றிவிடுமா என்று நான் ஒருநாள் கோபமாகவே கேட்டுவிட்டேன். நீந்தினா மட்டும் யாருக்குத் தெரியப் போகுது என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் எத்தனை சுற்று நீந்தினாள் என்று அந்த வாட்ச் உன் போனுக்குச் சொல்லிவிடும், அவள் தலை துவட்டுவதற்குள் சபாஷ் அம்மா என்று உன்னிடமிருந்து வந்துவிடும். அந்த ஒரு வரியைச் சலவைக் கூடத்தில் எல்லோருக்கும் காட்டுவாள். வாட்ச் போனதிலிருந்து நீ எத்தனையோ செய்தி அனுப்பினாய். ரசீது எங்கே, அட்டைப்பெட்டி எங்கே, யாரிடம் பேசினாய், ஏன் பேசவில்லை. அம்மா இன்று நீந்தினாளா என்று ஒன்றுகூட இல்லை. எனக்குக் கம்பெனி மேல் எரிச்சல், அப்பா மேல் எரிச்சல், எல்லாவற்றையும்விட உன் மேல்தான். போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் கடிதம் என்றதும் சந்தோஷமாக உட்கார்ந்தேன்.

இன்று காலை ஒன்று நடந்தது. அப்பா தானாகவே துண்டையும் நீச்சல் உடையையும் ஒரு பையில் போட்டு வாசலில் வைத்துவிட்டு, கிளம்பு, சுத்தை நான் எண்ணுறேன் என்றார். அம்மா, நீங்களா, உங்களுக்குக் குளம் எந்தத் தெருவுலன்னு தெரியுமா என்றாள். ஆனால் கிளம்பினாள். அப்பா கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து, அவள் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் குளமே அதிரும்படி எண்ணினார். பக்கத்து வரிசையில் நீந்திய பெரியவர் தன் கணக்குத் தப்பிவிட்டது என்று சண்டைக்கு வந்தார். விசில் ஓடிவந்து, ஐயா மனசுக்குள்ள எண்ணுங்க என்று கெஞ்சினார். நடுவில் அம்மா தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி, இது பாதிதான், சுவரைத் தொடலை, சேர்க்காதீங்க என்று கத்தினாள். வீடு வந்து சேரும்வரை அந்தப் பாதியைப் பற்றியேதான் சண்டை. அம்மா உட்காராமல் நடந்து வந்தாள்.

அம்மா இறங்கி வந்துவிட்டாள். கவலைப்படாதே, உடம்பைப் பார்த்துக்கொள், எங்கே இருந்தாலும் நன்றாக இரு என்று எழுதச் சொல்கிறாள். இருமலுக்கு வெந்நீர் குடிக்க வேண்டும், படுக்கும்போது காலுறை போட்டுக்கொள்ள வேண்டும். அப்பா தன் பங்குக்கு, நான் தெச்சுக் குடுத்த அவன் பை கைப்பிடி எப்படி இருக்குன்னு கேளு என்கிறார், சொல்லிவிட்டு நான் எழுதும் வரை பக்கத்திலேயே நிற்கிறார். காலையில் குளத்துக்குப் போனதை எழுதிட்டியா என்று அம்மா கேட்டாள். எழுதிவிட்டேன் என்றேன். எத்தனை சுற்றுன்னு எழுதினியா என்றாள். அதையும் எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். எழுதவில்லை அண்ணா. அதை நீ அவளிடம் கேள்.

இப்படிக்கு
உன் அம்மா, அப்பா
எழுதியது தங்கை