பாறைக்கு என்ன வயசா ஆறது?

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்றும் பொருந்தவில்லை. கம்ப்யூட்டரில் நான் கட்டிய பாறையும் கடலுக்கடியில் இருக்கிற பாறையும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை போல. நாற்பது வருடமாக எண்ணெய் கொடுத்த கிணறு. இப்போது வருவதெல்லாம் எண்ணெயைத் தள்ளிவர நாங்கள் உள்ளே செலுத்திய தண்ணீர்தான். மழைக்காலம் முடிந்ததும் ஒரேயடியாக மூடப் போகிறார்கள். பாறையின் ஒரு மூலையில் இன்னும் எண்ணெய் கிடக்கிறது என்று நான் ஒருத்திதான் கத்திக்கொண்டிருக்கிறேன்.

தண்ணீர் ஓடி ஓடிப் பாறையின் துளைகள் அகன்றுவிட்டன, பழைய கணக்கு செல்லாது என்றேன். மகாதேவன் சார் கண்ணாடியைக் கழற்றினார். "பாறைக்கு என்ன வயசா ஆறது, மாரீஸ்வரி?" மீட்டிங்கே சிரித்தது. சிரிக்கட்டும்!

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஆகும் சார், வயசாகும். வருடத்துக்கு இவ்வளவு என்று துளைகள் அகன்றுகொண்டே போகும்படி எழுதி ஓடவிட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

சொதப்பல். எண்ணெய் இருக்க வேண்டிய மூலைகூட மாடலில் கழுவித் துடைத்தாற்போல் ஆகிவிட்டது. பக்கத்து சீட் மெஹக், "சோட் தே யார்" என்றாள். விடுவதா? நானா?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தாராவி வீட்டுக்குப் போயிருந்தேன். மேல் அறைக்குப் போகும் இரும்பு ஏணியில் அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி, "வயசாயிட்டுல்லா பேராச்சி" என்றார். வந்ததே கோபம் அம்மாவுக்கு! "ஒங்களுக்கும் அதே வயசுதான? ஒங்க முட்டி கிண்ணுன்னுதான இருக்கு? சோத்தையும் தண்ணியையும் தூக்கிட்டு ஏறி எறங்குனது யாரு?"

சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன். செம்பூர் பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. அடிப்பாவி மாரி! வருடத்தையா கணக்கில் எடுத்தாய்? எந்தக் கல் வழியாக எவ்வளவு தண்ணீர் போனது — அதையல்லவா எடுக்க வேண்டும்! தண்ணீர் போகாத கல் அன்று இருந்தபடியே இருக்கும். எண்ணெயும் அங்கேதான் இருக்கும்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பொருந்திவிட்டது!!! கிணறு நாற்பது வருடம் கொடுத்ததைக் காட்டும் கோடும் என் மாடலின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று. மெஹக் என்னை நாற்காலியோடு சுற்றிவிட்டாள்.

செப்டம்பர் 5, வியாழன்

சார் என் கணக்கை வெகுநேரம் நோண்டினார். "சரி. மூடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சான்ஸ். தண்ணி ஓடற வழிய ஜெல் விட்டு அடைச்சு, உன் மூலைப் பக்கம் திருப்பிப் பார்ப்போம். வரலேன்னா இந்தப் பேச்சே எடுக்கப்படாது."

இன்றே ஜெல் கணக்கைத் தொடங்கிவிட்டேன்.

நவம்பர் 19, செவ்வாய்

ஜெல் இறக்கியாயிற்று. தண்ணீர் குறைந்திருக்கிறது. எண்ணெயைக் காணோம். வந்து தொலையேன்!

நவம்பர் 28, வியாழன்

வந்துட்டு! மூணு மடங்கு வந்துட்டு! பாத்ரூமில் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, நிமிர்ந்து நடந்து வந்தேன். மூடும் உத்தரவு ரத்து. ஜெயிச்சிட்டேன்லா!

டிசம்பர் 10, செவ்வாய்

பழைய கிணறுகள் அத்தனைக்கும் என் கணக்கையே ஓட்டச் சொல்லிவிட்டார்கள். மீட்டிங்கில் சாரே திரையில் போட்டு விளக்கினார். நடுவில் நின்றார். "தேய்மானத்துக்கு 'பேராச்சி'ன்னு பேர் வெச்சிருக்கியே, யாரு, ரஷ்யன் சயன்டிஸ்டா?"

"எங்கம்மா சார்."

திரைப் பக்கம் திரும்பினார். பிறகு, "ஆக, பேராச்சி ஜாஸ்தியா இருக்கற எடத்துல..." என்று தொடர்ந்தார். கடைசிவரை அப்படியேதான் சொன்னார்.

சாயங்காலம் அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். "எம்பேர எதுக்குட்டி கெணத்துல போட்ட?" என்று ஏசினாள். விளக்கிச் சொன்னேன். அப்புறம் ஃபோனைக் கீழே வைக்காமலே அப்பாவைப் பார்த்துக் கத்தினாள்:

"கேட்டீயளா? வயசு இல்லயாம்! அவ்வளவு பெரிய ஆபீசுலயே சொல்லிட்டாவ!"